கைநாட்டு வாங்காத பத்திரம்

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து கடலைப் பார்த்து நடந்தால், உப்புக்காற்று மூக்கில் ஏறுவதற்கு முன்னால் ஆப்பம் வேகிற வாசனை ஏறும். அந்த வாசனைக்குச் சொந்தக்காரி அஜீசுன்னிசா. பேர் நீளம் என்பதால் பாதிப் பேருக்கு அவள் அஜீசா, மீதிப் பேருக்குப் பாயம்மா. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், திருவொற்றியூர்த் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவர்கள், பேசின் பிரிட்ஜ் யார்டில் கரியோடு கரியாக வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், எல்லோருக்கும் விடியற்காலை நாஷ்டா அவள் கையால்தான். இரண்டு ஆப்பம், ஒரு கரண்டி ஆட்டுக்கால் பாயா. இரண்டாவது கரண்டி கேட்டால் முறைப்பாள். முறைத்துவிட்டு ஊற்றுவாள்.

அவள் அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மூன்று வாய் வைத்த அடுப்பு. கப்பல் பாய்லருக்குள் பதிக்கிற சூட்டுச் செங்கல்லால் கட்டியது. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச்சு ஓட்டிக்கொண்டிருந்த அமீருதீன், பழைய கப்பல் ஒன்றைப் பிரித்தபோது ஆளாளிடம் கேட்டு வாங்கி, ஒரு மழைக்காலம் பூராவும் தோளில் சுமந்துவந்து, அண்ணன் பெண்டாட்டிக்காகக் கட்டிக்கொடுத்தான். அண்ணன் மஜீது களிமண் குழைத்துக் கொடுத்தான். சூடேறிவிட்டால், நெருப்பை இழுத்த பிறகும் மத்தியானத் தொழுகை வரைக்கும் அந்தக் கல்லில் கை வைக்க முடியாது.

கடையும் பின்கட்டும் அமீருதீன் தன் சம்பாத்தியத்தில் வாங்கியவை. நடத்தியவர்கள் மஜீதும் அஜீசாவும். அமீருதீன் வேலைக்குப் போகிற அவசரத்தில் பின்கட்டில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவான். முதல் ஆப்பம் யார் சுட்டாலும் சட்டியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். அதை அவள் ஒதுக்கப் பார்ப்பாள். "பிஞ்சது எனுக்கு, பாபி" என்று தட்டை நீட்டுவான். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இப்போது மஜீது இல்லை. போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். அமீருதீன் பினாங்கில். பிய்ந்த முதல் ஆப்பத்தை அவள் ஒரு தட்டில் போட்டுச் சுவர்மேல் வைக்கிறாள். காக்காய் தின்கிறது. பாயம்மாவுக்குக் காக்காய்மேல் என்ன அப்படிப் பிரியம் என்று கேலி பேசுவார்கள். அவள் அடுத்த ஆப்பத்துக்கு மாவை ஊற்றுவாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி. மூன்று நாளாக மழை. விறகு நனைந்து, அடுப்பு புகைவதும் எரிவதுமாக முரண்டு பிடித்தது. நாஷ்டாக் கூட்டம் கலைந்த நேரம் பார்த்துக் கருணாகரன் குடையை மடக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தான். இடத்தை அமீருதீனிடம் வாங்கியவன் இவன்தான். மீன் ஏலம் எடுக்கிறவன். முன்பக்கம் முழுக்க அவன் கூடைகளும் வலைகளும். கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, கட்டுமரத்தில் உடம்பை உப்பாக்கிக்கொண்டு மேலே வந்த ஆள். அமீருதீனுக்கு தோஸ்து. அதனால் அவனும் அவளைப் பாபி என்றே கூப்பிடுவான்.

"பாபி, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது."

"கோச்சிக்கிற சேதின்னா வாயை மூடிக்கினு குந்து. ரெண்டு ஆப்பம் கீது, துன்னுட்டுப் போ."

அவன் குந்தினான். தின்னவில்லை. "ஐஸ் கெடங்கு ஒண்ணு கட்டலாம்னு கீறேன். எண்ணூர்லேர்ந்து வர்ற மீனு வண்டியிலயே பாதி நாறிப்பூடுது. வாரம் வாரம் கடல்லயே கொட்டிகினு கீறேன். முன்னால எடம் பத்தல. பின்கட்டு வேணும்."

"அடுப்பு?"

"அடுப்பையும் ஐசையும் ஒரே சுவத்துல வெக்க முடியுமா, நீயே சொல்லு."

அஜீசா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் மவுத்தாவுற வரைக்கும் இந்த அடுப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துக்கிறே. பத்திரம் கீது."

"எழுதிக் குடுத்தேன். இல்லேங்கல. யாருக்கு எழுதிக் குடுத்தேன்? அமீருக்கு. எட்டு வருசமா உன்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பனா? புகையடிக்குதுன்னு சொல்லியிருப்பனா? அவன் ஒரு தபா, 'கருணா, எப்படி கீறே'ன்னு ஒரு கடுதாசி போட்டானா?" அவன் குரல் ஏறிவிட்டு, அவனே கூச்சப்பட்டது போல இறங்கியது. "அவன் வரட்டும். இதோ இங்க நின்னு, 'கருணா, கல்லுல கை வெக்காதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்பால நான் ஒரு செங்கல்லை நகத்தினா என் பேரை மாத்திக் கூப்புடு. வராம, பேசாம, அங்கியே குந்திகினு இருப்பான், நான் மட்டும் வாக்கைக் கட்டிகினு அழணுமா? வேற எடம் நானே பாத்துத் தரேன் பாபி. தண்டையார்ப்பேட்டையில நல்ல எடம் கீது. தை பொறந்தா வேலையை ஆரம்பிக்கணும்."

சொல்லிவிட்டு, ஆறிப்போன ஆப்பத்தை மரியாதைக்காக ஒன்று பிட்டு வாயில் போட்டுக்கொண்டு போனான். கெட்டவன் என்று அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அதுதான் பேஜாராக இருந்தது.

வேறு இடம், வேறு அடுப்பு. அதில் ஆப்பம் வெந்துவிடும்தான். ஆனால் இந்தக் கல் ஒவ்வொன்றும் எந்தத் தோளில் ஏறி வந்தது என்று அவளுக்குத் தெரியும். புருஷன் குழைத்த மண்ணும் கொழுந்தன் சுமந்த கல்லும் சேர்ந்த அந்த ஆறடி இடத்தை விட்டால் உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் ஒன்றுமில்லை. பிள்ளை குட்டி கிடையாது. பினாங்கிலிருந்து வருஷத்துக்கு ஒரு பெருநாள் கார்டு வரும். அதில் மூன்றே விஷயம்: நலம், பாபிக்கு சலாம், அடுப்பு எரிகிறதா. பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லி ஹபீபுல்லா பெரியவரிடம் பதில் எழுதச் சொல்வாள். பதில் ஒரே சொல்: எரிகிறது.

மறுநாள் காலை தேசப்பனிடம் பத்திரத்தைக் கொடுத்தாள். தேசப்பன் காலடிப்பேட்டைக்காரன். மீனவ வீட்டில் பிறந்தும் கடல் என்றாலே தலை சுற்றுகிறவன் என்பதால் படிப்புப் பக்கம் ஒதுங்கி, ஹைகோர்ட்டுப் பக்கத்தில் ஒரு வக்கீலுக்கு குமாஸ்தாவாக இருந்தான். தினமும் சைக்கிளை அவள் கடையில் நிறுத்தாமல் போகமாட்டான். மஜீதின் தொப்பியோடு தகரப்பெட்டியில் எட்டு வருஷம் கிடந்த பத்திரம் அது. அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. அடுப்பு உன்னுடையது என்று எழுதியிருக்கிறது என்று சொன்னார்கள். அதற்குமேல் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

"இதுக்கா மொகத்தை இப்படி வெச்சிகினு கீறீங்க? பத்திரம் இருக்க சொல்லோ இன்னா பயம்? சாயங்காலம் பாருங்க" என்று சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான்.

சாயங்காலம் வந்தபோது, எப்போதும் முதலில் வருகிற அவன் சிரிப்பு வரவில்லை. மழைக்கு ஒதுங்கி அடுப்போரமாக உட்கார்ந்தான். மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். அங்கம்மா மீன் விற்கிறவள். கூடை காலியானதும் அஜீசாவின் அடுப்போரம்தான் அவளுக்குத் தாய்வீடு.

"பத்திரம் ஷோக்கா கீது, பாயம்மா. ஆனா இதுல ரெண்டு பேருதான் கையெழுத்து. அமீருதீன் பாயி ஒண்ணு, கருணாகரன் ஒண்ணு. உங்க கைநாட்டு இல்ல."

"எனக்காவத்தானே எழுதினாங்க?"

"உங்களுக்காவத்தான். அதான் பேஜாரே. ஒப்பந்தச் சட்டம்னு ஒண்ணு கீது. வெள்ளைக்காரன் காலத்துது, எங்க தாத்தா பொறக்க சொல்லோ போட்டது. ரெண்டு பேரு பேசி எழுதிக்கினா, அந்த ரெண்டு பேருதான் கோர்ட்டு ஏறலாம். மூணாம் மனுசனுக்கு நல்லதுன்னு எழுதியிருந்தாலும் அந்த மூணாம் மனுசன் ஏற முடியாது."

"அடப்பாவி" என்றாள் அங்கம்மா. "எனுக்குப் போட்ட சோத்தை நான் துன்னக் கூடாதுன்றா மாதிரி கீதே."

"ஏறலாம்னு கூட ஒரு கோர்ட்டு சொல்லிக்கிதாம். ஏறக் கூடாதுன்னு இன்னொண்ணு. நம்மளை ஏற வுடமாட்டாங்கன்னு எங்க வக்கீல் ஐயா சொல்றாரு. ஒரே ஒரு கட்டை வெரலு, பாயம்மா. அன்னிக்கு வெச்சிருந்தா இன்னிக்கி கருணாகரன் வாயைத் தொறந்திருக்க மாட்டாரு. ஏன் வெக்கல?"

ஏன் வைக்கவில்லை என்பது அஜீசாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் அப்போது இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்காமல் வீட்டுக்குள் அடங்கி இருக்க வேண்டும். உள்ளே அவள். நடுவில் மஜீதின் பழைய வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வெளியே அமீருதீன், கருணாகரன், ஹபீபுல்லா பெரியவர், பத்திரம் எழுதுகிறவர். எழுதுகிறவர் விவரமான ஆள். "அந்தம்மா பேரு வருதே, கைநாட்டு வாங்கிடலாமா? மசிப்பெட்டியைத் திரைக்குள்ள குடுத்தா ஆச்சு" என்று கேட்டார். ஹபீபுல்லா பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "புருசன் மவுத்தாகி மூணு மாசம் ஆவல, இத்தாவுல இருக்குற புள்ளை கையை மசியில தோய்க்கச் சொல்றியா? அது கண்ணீரே இன்னும் காயல. அவளுக்கு நல்லதுதானே எழுதறோம்? ஆம்பளைங்க ரெண்டு பேரு கையெழுத்து பத்தாதா?" என்றார். எல்லோரும் பத்தும் என்றார்கள். திரைக்குப் பின்னால் அவளும் மனசுக்குள் அந்தப் பெரியவரை வாழ்த்தினாள். தன்னை மதித்து விட்டுவிட்டார்களே என்று. மரியாதை பண்ணுகிறோம் என்று நினைத்துத்தான் அத்தனை பேரும் சேர்ந்து அவளைப் பத்திரத்துக்கு வெளியே நிறுத்தினார்கள்.

"இப்போ வெச்சா?" என்று தேசப்பனைக் கேட்டாள்.

"எழுதின ரெண்டு பேரும் ஒத்துக்கணும். இல்ல, அமீர் பாயி வந்து கேஸு போடணும். கேஸு கூட வேணாம், கருணாகரனே சொல்றாரு இல்ல, வந்து நின்னாப் போதும்னு. ஒரே வழி, அவருக்கு எழுதுங்க."

எழுதுங்க. அந்தச் சொல் அவள் நெஞ்சில் எங்கேயோ போய்த் தட்டியது. அதை மறைக்க அவள் விறகைத் தள்ளினாள்.

"பத்திரத்தைப் பூரா படிச்சுக் காட்டு" என்றாள். "இன்னா எழுதிக்கிதுன்னு நான் கேட்டதே இல்ல."

தேசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். எல்லைகள், தேதி, தகப்பன் பேர், எல்லாம் போயிற்று. பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்த எடத்துல எங்க ஐயாவே கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிட்டு ரெண்டாந்தபா படிச்சாரு. 'மேற்படி பின்கட்டிலுள்ள மூன்று வாய் அடுப்பையும், அதைச் சுற்றி ஆறடி இடத்தையும், காலஞ்சென்ற என் தமையனார் மனைவி அஜீசுன்னிசா பீவி தன் ஆயுள் பரியந்தம் யாதொரு இடையூறுமின்றி அனுபவித்துக்கொள்ள விட வேண்டியது. அன்னார் மறுமணம் செய்துகொண்டாலும் கொள்ளாவிட்டாலும், என்னிடத்தில் அன்னாருக்குப் பிரியம் ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும், நான் இவ்வூரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஷரத்து மாறாது.' இப்படி ஒரு வரியை எந்தப் பத்திரத்துலயும் நான் பாத்ததில்ல, பாயம்மா."

"தேதி இன்னா சொன்னே?"

"ஐம்பத்தொண்ணு, ஜூலை எட்டு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். இத்தா முடிய அப்போது இன்னும் ஒரு மாதத்துக்கு மேலே இருந்தது. இத்தா முடிந்த பிறகுதான் முத்தவல்லி வீட்டம்மா ஷரீஃபுன்னிசா வந்து உட்கார்ந்து, மெல்லப் பேச்சை எடுத்தாள். "அமீரு கேக்கறான்மா. அண்ணன் பெண்டாட்டியைத் தம்பி கட்டிக்கிறது நம்மள்ல ஆகுமான காரியந்தானே. இன்னா சொல்றே?" அஜீசா ஒரே சொல்லில் வேண்டாம் என்றாள். மஜீதின் தலையணையில் இன்னும் அவன் எண்ணெய் வாசனை இருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்று யாருக்கும் தெரியாதது. அவன் கடமைக்குக் கேட்கிறான் என்று நினைத்தாள். அண்ணன் போய்விட்டான், அண்ணியைத் தெருவில் விட்டால் ஊர் பேசும், அதனால் கேட்கிறான். சின்ன வயசு. கடையை வேறு விற்றுவிட்டான், எங்கேயோ போகத் துடிக்கிறான். அவன் காலில் தான் ஏன் விலங்காக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் வேண்டாம் என்றாள். பத்தாம் நாள் பினாங்குக் கப்பல் ஊதிக்கொண்டு போயிற்று.

கேட்பதற்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறான். அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் கால் ஊன்ற அவளுக்கு இடம் வேண்டும் என்று முதலில் இடத்தை எழுதிவைத்துவிட்டு அப்புறம் கேட்டிருக்கிறான். கடமைக்குக் கேட்கிறவன் பிரியம் என்ற சொல்லை முத்திரைக் காகிதத்தில் ஏன் எழுதச் சொல்கிறான்? எழுதுகிறவர் முன்னால், கருணாகரன் முன்னால், பெரியவர் முன்னால் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல அவன் எவ்வளவு கூசியிருப்பான். அவள் திரைக்கு இந்தப் பக்கம்தானே இருந்தாள். அந்த வரி வந்தபோது அழுதுகொண்டிருந்தாளோ, தூங்கினாளோ, காதில் விழவில்லை. எட்டு வருஷம் அது தகரப்பெட்டியில் கிடந்தது. அஜீசாவுக்கு அன்றைக்குத் தன்மேலேயே வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

தேசப்பன் அப்போதே கடிதம் எழுதப் பேனாவை எடுத்தான். "இன்னிக்கி வேணாம்" என்றுவிட்டாள்.

அடுத்த ஐந்தாறு நாள் அவள் நடமாட்டமே வேறாக இருந்தது. எழுதவில்லை, ஆனால் எழுதிக்கொண்டே இருந்தாள். மாவு கரைக்கும்போது ஒரு கடிதம், ஆட்டுக்கால் வாட்டும்போது ஒரு கடிதம். ஒன்றில் கருணாகரனைப் பற்றி மட்டும் இருக்கும். ஒன்றில் சட்டம் சொல்வது மட்டும். 'எனக்கு ஒன்றும் வேண்டாம், நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ' என்று மானமாக ஒன்று. எல்லாக் கடிதத்திலும் கடைசியில் அவன் வந்துகொண்டே இருந்தான், குடையில்லாமல், வாசலில் நனைந்தபடி. கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டாவது கரண்டி முறைக்காமல் விழுந்தது. துறைமுக ஆட்கள் பயந்துபோனார்கள்.

"எத்தினி நாளு தள்ளுவே?" என்று அங்கம்மா கேட்டாள். "கப்பல்ல கடுதாசி போயி, அவன் பொறப்பட்டு வர்றதுக்குள்ள தை பொறந்துடும்."

"எழுதலாம், எழுதலாம்."

"அவன் அங்க ஒருத்தியைக் கட்டிக்கினுருந்தா?"

அஜீசா வெங்காயத்தை அரிவாள்மணையில் வைத்தபடி நின்றாள். "கட்டிக்கினுருந்தா கார்டுல எழுதியிருப்பான்."

"நீதான் 'எரியுது'ன்றதத் தவிர ஒண்ணும் எழுதல. அவன் மட்டும் எழுதுவானா?"

 அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் கோர்ட்டுக் காரியமாகக் கூப்பிட்டால், கட்டிக்கொண்டவனாக இருந்தாலும் வந்து நிற்கலாம். யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஒருமுறை பார்த்துவிடலாம். அந்த ஒருமுறைக்கே அவள் மனசு ஏங்கியது.

ஏழாம் நாள் காலை, கொட்டுகிற மழையில் தேசப்பன் சைக்கிளைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடிவந்தான். முகமெல்லாம் பல்.

"பாயம்மா! இனி யாரையும் கெஞ்ச வேணாம். பினாங்குக்கு எழுதவும் வேணாம்!"

"இன்னாடா கூச்சல்?" என்றாள் அங்கம்மா.

"டில்லியில சட்டக் கமிஷன்னு ஒண்ணு வெச்சிக்கிறாங்க. பழைய சட்டத்தையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து, எது ஓட்டை, எது கொழப்பம்னு பாக்கறாங்க. ஒப்பந்தச் சட்டத்தைப் பாத்துட்டு அறிக்கை குடுத்துட்டாங்க. புஸ்தகம் எங்க ஆபீசுக்கு வந்துகீது. நேத்து ஐயா எடுத்துக் காட்டினாரு. இன்னா போட்டுகீது தெரியுமா? ஒருத்தருக்கு நல்லதுன்னு ரெண்டு பேரு எழுதிக்கினா, அந்த ஒருத்தரு கையெழுத்துப் போடாட்டியும் தன் பேருலயே கோர்ட்டுக்குப் போலாம்னு சட்டத்தைத் திருத்தணுமாம். உங்களை எதிர்ல குந்த வெச்சிக்கினு எழுதினா மாதிரி கீது!"

"சட்டம் ஆயிடுச்சா?"

"ஆவல. யோசனை சொல்லிக்கிறாங்க. பார்லிமெண்டுல வெச்சுப் பாஸ் பண்ணணும். ஒரு வருசமோ, ரெண்டோ. ஆனா ஐயாவே நேத்து கருணாகரனைக் கூப்பிட்டு அனுப்பிப் பேசிட்டாரு. 'சட்டம் வந்துகினு கீது, அவசரப்பட்டு இடிச்சிட்டு அப்பால கோர்ட்டுல நிக்காதே'ன்னு. அவரும் சரி, பாத்துக்கலாம், சட்டம் வர வரைக்கும் கெடக்கட்டும்னுட்டாரு. ஆயுசுக்கும் அடுப்பு உங்களுது. அமீர் பாயி எதுக்கு வீணா கப்பல் ஏறணும்? அவரு அங்கியே நிம்மதியா இருக்கட்டும்."

தேசப்பன் சொன்ன அந்தச் சட்டம் இதை எழுதுகிற நாள் வரைக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு அது நாளைக்கே துறைமுகத்தில் வந்து நிற்கப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். துறைமுக ஆட்கள் கை தட்டினார்கள். ஒருவன் பாயம்மாவுக்கு ஜே என்றான். அஜீசா சிரித்தாள். தேசப்பன் தட்டில் நாலு ஆப்பம் வைத்தாள். நாலும் அடி தீய்ந்திருந்தன. அவன் சந்தோஷத்தில் அதையும் தின்றுவிட்டு சைக்கிளில் ஏறிப் போனான்.

கூட்டம் கலைந்தது. மழை விட்டபாடில்லை. அஜீசா அடுப்புக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல சேதி கேட்டவ மூஞ்சியா இது?" என்றாள் அங்கம்மா. "கண்ணுல இன்னா தண்ணி?"

"புகை. வெறகு ஈரம்."

"அடுப்பு நல்லாத்தான் எரியுது. என்னாண்டயே கதை வுடறியா?"

அஜீசா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. "எட்டு வருசம், அங்கம்மா. கூப்புடறதுக்கு ஒரு சாக்கு இல்லாம எட்டு வருசம் குந்திகினு இருந்தேன். வேணாம்னு சொன்னவ நான். எந்த மூஞ்சியை வெச்சிகினு வான்னு சொல்லுவேன்? அல்லா பாத்து ஒரு சாக்கு குடுத்தான். கோர்ட்டே சொல்லுது, அவன் வந்தாத்தான் ஆவும்னு. ஊரு வாயை அடைக்க அதுக்கு மேல இன்னா வேணும்? இந்த குமாஸ்தா மழையில ஓடியாந்து அதைப் புடுங்கிக்கினு போயிட்டான். டில்லிக்காரன் எனுக்கு நல்லது பண்றேன்னு அவனை வர வேணாம்னு சொல்றான்."

"அதான் ஒரு வாரமா எழுதாம ருசி பாத்துகினு இருந்தியா?"

"எழுதிட்டா முடிஞ்சிடுமேன்னு இருந்தேன்."

அங்கம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள். "சட்டம் இன்னும் வரல இல்ல?"

"வரல."

"அப்புறம் இன்னா? உன் சாக்கு இன்னும் உசுரோடதான் கீது. எழுதுடீ."

அவள் போன பிறகும் அஜீசா வெகுநேரம் அங்கேயே இருந்தாள். சாக்கு இருக்கிறதா இல்லையா என்று அவள் பார்க்கவில்லை. சாக்கே இல்லாவிட்டால் கூப்பிடுவாளா என்று தன்னைத் தானே கேட்டாள். கேட்டதும் பயமாக இருந்தது. பதில் தெரிந்ததால் வந்த பயம்.

மறுநாள் தேசப்பன் சைக்கிளை நிறுத்தியபோது அவனுக்காக ஒரு பலகை போட்டு வைத்திருந்தாள். நாஷ்டா கேட்டவர்களைச் சற்று நேரம் வெளியே மழையில் நிற்கச் சொல்லிவிட்டாள்.

"கடுதாசி எழுது. பினாங்குக்கு."

"அதான் வேணாம்னு சொன்னேனே, பாயம்மா? சட்டம்..."

"எழுதுடா. என் வாயில இன்னா வருதோ அதை எழுது. உன் பத்திரத் தமிழு வேணாம்."

அவன் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

"அமீருதீனுக்கு அஜீசுன்னிசா எழுதிக்கிறது. சலாம். வருசா வருசம் அடுப்பு எரியுதான்னு கேக்கறே. எரியுது. கருணாகரன் இடிக்கணும்னான். நீ வந்து நின்னாத்தான் ஆவும்னு சட்டம் சொல்லிச்சு. இப்போ புதுசா ஒரு சட்டம் வரப்போவுதாம். அது வந்துட்டா நானே கேட்டுக்கலாமாம், நீ வர வேண்டிய அவசியம் இல்லியாம்." நிறுத்தினாள். தேசப்பனின் பேனா அவளை எட்டிப் பிடிக்கும்வரை காத்திருந்தாள். "நீ எழுதின பத்திரத்தைப் போன வாரந்தான் படிக்கக் கேட்டேன். நடுவுல ஒரு வரி கீது. அன்னிக்குத் திரைக்குப் பின்னால எனுக்கு அது கேக்கல. கேட்டிருந்தா ஷரீஃபுன்னிசாம்மாக்கு வேற பதில் சொல்லியிருப்பேன். அங்க உனுக்குக் குடும்பம் இருந்தா, இந்தக் கடுதாசியைக் கிழிச்சிப்போட்டுட்டு நல்லா இரு. இல்லேன்னா, முதல் ஆப்பம் இன்னும் பிஞ்சுதான் வருது. எட்டு வருசமா காக்கா துன்னுது. சட்டம் வர்றதுக்குள்ள வந்துடு."

தேசப்பன் எழுதி முடித்தான். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவுக்கு அவ்வளவு நாகரிகம் இருந்தது. காகிதத்தை ஊதிக் காயவைத்து, "கீழ உங்க பேரை நானே போட்டுடறேன், பாயம்மா" என்றான்.

"போடாதே. குடு."

அடுப்பின் நடுவாயில் கட்டைவிரலை விட்டு, கல்லில் படிந்திருந்த கரியில் அழுத்தித் தேய்த்தாள். சுட்டது. எடுக்கவில்லை.

"கடுதாசிக்குக் கைநாட்டு எதுக்கு? சட்டத்துல அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"ஒரு தபா வெக்காம வுட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் விரலைக் காகிதத்தில் வைத்தாள். வெளியே நாஷ்டாவுக்கு வந்தவர்கள் கத்த ஆரம்பித்திருந்தார்கள்.